மாமியார் வேண்டாம், கொழுந்தன் யூனிட் டிரஸ்ட், கணவர் "கம்பெனியில் இருக்கே": ஆயுள் இன்சூரன்ஸ் எடுப்பதா?

மெரிபேங்க்_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறோம். இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தாலே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கணவருக்கு 38 வயசு, எனக்கு 35. பிள்ளைகளுக்கு 9, 5. வீட்டுப் பாண்டில் (வீட்டுக்கடனில்) 9 லட்சம் ராண்ட் பாக்கி, இன்னும் 17 வருஷம், மாதம் 9,800 போகிறது. அவர் சம்பளம் 29,000, பிடித்தம் போகக் கைக்கு 22,500 வரும். எனக்குப் பகுதிநேர வேலை, கைக்கு 9,000. பாண்டையும் சேர்த்து மாதச் செலவு 31,000. மாமியார் எங்களோடு இருக்கிறார், அரசு முதியோர் பணம் வாங்குகிறார். கணவர் சிகரெட் தொடுவதில்லை. ஆனால் போன வருஷம் சுகர் என்று மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

புரோக்கர் 14 லட்சத்துக்கு முதல் வருஷம் மாதம் 600 சொச்சம் என்று தாள் கொடுத்தார். "லேசான சுகர்தானே, எழுத வேண்டாம், தவணை ஏறிடும்" என்றும் சொன்னார்.

மாமியார்: "நல்லாயிருக்கிற பிள்ளை தலைக்கு விலை பேசுவீங்களா? ஈமச்செலவுக்கு ஃபியூனரல் பாலிசி இருக்கு, சங்கத்துலயும் கட்டுறோம், போதும்." கொழுந்தன்: "செத்தாத்தான் வரும் பணம் எதுக்கு? அந்த 600ஐ யூனிட் டிரஸ்டில் (மியூச்சுவல் ஃபண்டில்) போடு, நம்ம காசு நம்மகிட்டயே இருக்கும்." கணவர்: "கம்பெனியில் மூணு வருஷச் சம்பளம் கவர் இருக்கு." (அவர் இறந்தால் வரும் இன்சூரன்ஸ் தொகையைச் சொல்கிறார்.) நாத்தனார்: "எடுத்தா அம்மா பேர்ல எடு."

யார் சொல்வது சரி?

நார்த்டேல்_கணக்கன்

நாலு பேரும் நாலு திசையில் பேசுகிறார்கள், எவ்வளவு தேவை என்று ஒருவரும் கேட்கவில்லையே தங்கச்சி. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே போடுகிறேன்.

அவர் இல்லாமல் போய், பாண்டையும் அடைத்துவிட்டால் 31,000 செலவில் 9,800 குறையும். மீதி 21,200. அவருக்கென்று ஆகும் பெட்ரோல், சாப்பாடு, போன் எல்லாம் 4,200 என்று வைத்துக்கொள்வோம். 17,000 நிற்கும். அதில் உங்கள் சம்பளம் 9,000 போனால் மாதம் 8,000 துண்டு விழுகிறது, வருஷத்துக்கு 96,000. சின்னப் பிள்ளைக்கு 23 வயசாக 18 வருஷம்.

96,000ஐ நேராக 18ஆல் பெருக்க வேண்டாம். கைக்கு வரும் தொகை மொத்தமும் முதல் நாளே செலவாகாது, மிச்சம் முதலீட்டில் இருக்கும். அது பணவீக்கத்துக்கு மேல் 3 சதவீதம் ஈட்டினால் 13.75ஆல் பெருக்கினால் போதும். 13.2 லட்சம் வரும். பாண்டு 9 லட்சம். ஈமச்செலவு, எஸ்டேட் (விட்டுச்செல்லும் சொத்தைப் பைசல் செய்யும்) செலவு, முதல் சில மாதம் கையில் இருக்க என்று ஒரு 1.5 லட்சம். கூட்டினால் 23.7 லட்சம். கம்பெனி கவர் 29,000 × 36, அதாவது 10.44 லட்சம். கழித்தால் 13.26. புரோக்கரின் 14 லட்சம் இப்படித்தான் வந்திருக்கும், தொகையில் அவர் ஏமாற்றவில்லை. ஆனால் கம்பெனி கவர் அப்படியே முழுசாகக் கைக்கு வந்து சேரும், வேலையும் நிலைக்கும் என்று இரண்டு நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது.

கொழுந்தன் கணக்கையும் போட்டுவிடுவோம். மாதம் 600, வருஷம் 10 சதவீதம் வளர்ச்சி: 5 வருஷத்தில் சுமார் 46,000. 10 வருஷத்தில் 1.23 லட்சம். 20 வருஷத்தில் 4.55 லட்சம். ஐந்தாம் வருஷம் ஏதாவது நடந்தால் 46,000ஐ வைத்துக்கொண்டு பாண்டு பாங்கிடம் என்ன பேசுவது? 20 வருஷம் கழித்து அவர் சொல்வது சரியாகிவிடும்: பாண்டு முடிந்திருக்கும், பிள்ளைகள் சம்பாதிப்பார்கள், அப்போது கவர் பெரிதாகத் தேவைப்படாது. அவர் பேசுவது கடைசி வருஷத்தை. உங்களுக்கு ஆபத்து இருப்பது முதல் பத்துப் பதினைந்து வருஷத்தில்.

இன்னொன்று, உங்கள் உயிருக்கு யாரும் கணக்குப் போடவில்லை. உங்கள் 9,000 நின்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைக்க வேண்டி வந்தால் அவர் ஒற்றைச் சம்பளத்தில் பாண்டு கட்ட முடியாது. சின்னத் தொகையாவது உங்கள் பேரிலும் விலை கேளுங்கள்.

உயிலும்_எஸ்டேட்டும்

கணவர் நம்பும் அந்தக் கம்பெனி கவரை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அது இரண்டு வகைப்படும், சம்பளச் சீட்டில் வித்தியாசம் தெரியாது. எச்.ஆர். பிரிவில் வருடாந்திரப் பலன் அறிக்கை கேட்டு வாங்குங்கள். அதில் 'அப்ரூவ்ட்' என்றிருக்கிறதா, 'அன்அப்ரூவ்ட்' என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்ரூவ்ட் என்றால் கவர் ஓய்வூதிய நிதிக்குள் இருக்கிறது. அப்போது பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 37C பிரிவு வேலை செய்யும். கணவர் படிவத்தில் 100 சதவீதம் உங்கள் பேரை எழுதியிருந்தாலும் நிதியை நிர்வகிக்கும் டிரஸ்டிகளை அது கட்டுப்படுத்தாது. அவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று அவர்களே விசாரித்து, நியாயமாகத் தோன்றும் விகிதத்தில் பிரிப்பார்கள். நீங்கள், பிள்ளைகள், கூடவே இருக்கும் மாமியார் எல்லோருமே அந்த விசாரணைக்குள் வருவீர்கள். ஆட்களைத் தேடிப் பங்கு பிரிக்க 12 மாதம் வரை இழுப்பது சாதாரணம். அதன்மேல் வரியும் உண்டு. 2023 மார்ச் முதல் உள்ள அட்டவணையில் முதல் 5.5 லட்சத்துக்கு வரி இல்லை, 7.7 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 11.55 லட்சம் வரை 27. உங்கள் 10.44 லட்சத்தை மட்டும் தனியாக எடுத்தால் 1.14 லட்சம் வரியாகப் போகும். நிதியில் சேர்ந்த சேமிப்பும் அதே அட்டவணைக்குள் வருவதால் நிஜத்தில் இன்னும் கூடும்.

அன்அப்ரூவ்ட் என்றால் எழுதிய பேருக்கே போகும், வாங்குபவருக்கு வருமான வரியும் இல்லை. இரண்டு வகையும் வேலை போனால் போச்சு. சில திட்டங்களில் வேலையை விடும்போது மருத்துவப் பரிசோதனை இல்லாமல் அந்தக் கவரைத் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம். சுகர் உள்ளவருக்கு அது பெரிய சலுகை, ஆனால் கெடு குறுகியது. உங்கள் திட்டத்தில் அந்த வசதி உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இனி நாத்தனார் விஷயம். சொந்தமாக எடுக்கும் பாலிசியில் பயனாளி பேர் எழுதினால் பணம் எஸ்டேட்டுக்குள் போகாமல் நேராக அவருக்குப் போகும். பேர் எழுதாமல் விட்டால் எஸ்டேட்டில் விழும்: கடன்காரர் முந்துவார்கள், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் என்ற அரசு அலுவலகத்தின் காகிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும், சொத்தைத் தீர்த்துக் கொடுக்கும் எக்ஸிகியூட்டரின் கட்டணம் 3.5 சதவீதம், அவர் வாட் பதிவு பெற்றவரானால் 4.025. 14 லட்சத்தில் அது 56,350 ராண்ட். பயனாளி கட்டத்தைக் காலியாக விட்டதற்கு அத்தனை விலை.

மாமியார் பேரை முழுசாக எழுதுவதில் அர்த்தமில்லை, பாண்டு கட்டப்போவது நீங்கள். ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. உயில் இல்லாமல் ஒருவர் போய்விட்டால் மனைவிக்கு 2.5 லட்சம் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, இதில் எது பெரிதோ அது. மீதி பிள்ளைகளுக்கு. மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது தாய்க்கு ஒரு சென்ட்டும் கிடையாது. ஆகவே பயனாளிக் கட்டத்தில் உங்களுக்கு 90, அவருக்கு 10 என்று பிரித்து எழுதிக் கையில் காட்டுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். பாலிசி உங்கள் கணவருடையது என்பதால் இந்த விகிதத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பிள்ளைகளை நேரடிப் பயனாளியாக எழுத வேண்டாம். 18 வயது ஆகாதவர் பங்கு கார்டியன்ஸ் ஃபண்ட் என்ற அரசு நிதியில் போய் உட்காரலாம், பள்ளிக் கட்டணத்துக்கும் அங்கே மனுப் போட வேண்டிவரும். உயிலில் பிள்ளைகளுக்கு டிரஸ்ட் அமைத்து, அதைப் பயனாளியாக ஏற்பார்களா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேட்க மறந்தேன்: கோயில் கல்யாணம் மட்டுமா, பதிவும் செய்தீர்களா? பதிவில்லாத இந்துத் திருமணத்தில் வாழ்ந்தவரும் உயிலில்லா வாரிசுச் சட்டத்தில் 'ஸ்பௌஸ்' (வாழ்க்கைத்துணை) ஆவார் என்று டர்பன் ஹைகோர்ட் 2008இல் கோவெந்தர் எதிர் ரகவய்யா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் பதிவு இல்லாவிட்டால் பந்தத்தை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். பாலிசியில் பேர் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது. எஸ்டேட் டியூட்டி (இறந்தவர் சொத்துக்கு வரி) பற்றி யாராவது பயமுறுத்தினால் விடுங்கள், 35 லட்சம் வரை விலக்கு, மனைவிக்குப் போவதற்கும் விலக்கு.

அண்டர்ரைட்டிங்_மேசை

சுகரை மறைக்கச் சொன்ன புரோக்கரை மாற்றுங்கள். இதில் சமாதானம் பேச இடமே இல்லை.

விண்ணப்பத்தின்போது நர்ஸ் வந்து ரத்தம், சிறுநீர், பிபி, எடை, உயரம் எடுப்பார். எச்.ஐ.வி. சோதனை உண்டு. புகை பிடிக்காதவர் என்று எழுதினால் கொட்டினின் (புகையிலையின் தடயம்) பார்ப்பார்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு சுகர்காரருக்கு முக்கியம். அது 7 சதவீதத்துக்குள் இருந்து, பிபி, கொழுப்பு, கிட்னி அளவுகளும் சரியாக இருந்தால் தவணையில் கூடுதல் போட்டு ஏற்பார்கள். புதிதாகக் கண்டுபிடித்த சுகராக இருந்து அளவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் "சில மாதம் கழித்து வாருங்கள்" என்று தள்ளிவைப்பதும் உண்டு. தள்ளிவைப்பது மறுப்பு ஆகாது. ஒரு கம்பெனி போடும் கூடுதல் இன்னொன்றில் பாதியாக இருக்கலாம், அதனால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்பது வீண்வேலை இல்லை.

மறைத்தால் என்ன ஆகும்? பணம் கேட்கும் நேரத்தில் குடும்ப டாக்டரிடமிருந்து அறிக்கை வாங்குவார்கள், மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) மாத்திரைக் கணக்கையும் பார்ப்பார்கள். மாத்திரை தொடங்கிய தேதி விண்ணப்பத் தேதிக்கு முன்னால் நிற்கும். லாங்-டெர்ம் இன்சூரன்ஸ் சட்டத்தின் 59ஆம் பிரிவு அற்பத் தவறுக்கெல்லாம் பாலிசியை ரத்துசெய்ய விடாது. விவேகமுள்ள ஒருவர் "இதைக் கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்று கருதக்கூடிய விஷயமா என்பதுதான் அளவுகோல். கணுக்கால் சுளுக்கைச் சொல்லாமல் விட்டவர் தப்பலாம். சுகருக்குத் தப்ப வழியில்லை. மாரடைப்பில் போனால் சந்தேகமே வேண்டாம். புரோக்கர் வாயால் சொன்னது அங்கே செல்லாது, கையெழுத்து உங்கள் கணவருடையது. விண்ணப்பம் போட்டதற்கும் கம்பெனி ஏற்பதற்கும் நடுவில் புதிதாக ஏதாவது நோய் தெரிந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அந்த "முதல் வருஷம் 600" என்ற சொல்லையும் கவனியுங்கள். வருஷம் 8 சதவீதம் ஏறும் திட்டமானால் 10 வருஷத்தில் 1,295, 15இல் 1,903, 20இல் 2,797. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் தவணையும் கழுத்தைப் பிடிக்கும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏறாத தவணைத் திட்டம் ஆரம்பத்தில் அதிகமாகத் தெரியும். இரண்டுக்கும் 65 வயசு வரை வருஷவாரியான அட்டவணை கேளுங்கள். மூன்று பத்திகள் போதும்: வருஷம், தவணை, கவர். தவணை எத்தனை சதவீதம், கவர் எத்தனை சதவீதம் ஏறுகிறது, விலைக்கு உத்தரவாதம் எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். சிலவற்றில் தவணை 8 ஏறும்போது கவர் அசையாமல் நிற்கும்.

"அஞ்சு வருஷத்தில் கட்டினதில் கொஞ்சம் திருப்பித் தருவோம்" என்பதற்கு மயங்க வேண்டாம், அந்தச் சலுகைக்கும் தவணைக்குள்ளேயே விலை வைத்திருப்பார்கள். போனில் பரிசோதனையில்லாமல் விற்கும் மலிவு பாலிசி விபத்து மரணத்துக்கு மட்டும்தானா என்று பாருங்கள்.

ஸ்டாங்கர்_அக்கா

மாமியாரிடம் சட்டம் பேசினால் எடுபடாது தங்கச்சி. அவர் கையில் இருக்கும் ஃபியூனரல் பாலிசியையே எடுத்து வைத்துப் பேசுங்கள். அதுவும் மரணத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ்தான், அதை அபசகுனம் என்று யாரும் ஒதுக்கவில்லை.

ஃபியூனரல் பாலிசி பெட்டி, வண்டி, தகனம், பந்தல், பதினாறாம் நாள் சாப்பாடு வரைக்கும் தாங்கும். காகிதம் முழுசாகக் கொடுத்தபின் இரண்டு வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பாங்குக் கணக்கு முடங்கிக் கிடக்கும் அந்த வாரத்தில் அதற்கு ஈடு கிடையாது, ஆகவே நிறுத்த வேண்டாம். பதினேழாம் நாளிலிருந்து வரும் பாண்டுக்கு மட்டும் அதில் பணம் இல்லை.

எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஆளுக்கு மூன்று நாலு ஓடுவது நம் வீடுகளில் சகஜம்: துணிக்கடைக் கார்டோடு ஒன்று, பாங்கில் ஒன்று, ஈமச்சடங்கு நடத்தும் ஃபியூனரல் பார்லரில் ஒன்று. மூன்று மாத பாங்கு ஸ்டேட்மென்ட்டை எடுத்து தானாகக் கழியும் ஒவ்வொரு டெபிட் ஆர்டருக்கும் பக்கத்தில் யார் உயிருக்கு, எவ்வளவுக்கு என்று எழுதுங்கள். ஒன்றைக் குறைத்தால் ஆயுள் பாலிசித் தவணையில் ஒரு பகுதி அங்கேயே கிடைக்கும். குறைப்பதானால் பழையதை வைத்துக்கொண்டு புதியதை விடுங்கள். புதியதில் இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருப்பு இருக்கலாம், விபத்துக்குக் கிடையாது. பார்லர் பாலிசியானால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனி பின்னால் நிற்கிறது, எஃப்.எஸ்.பி. எண் (நிதிச் சேவை உரிம எண்) என்ன என்று கேளுங்கள். சொல்ல மழுப்பினால் அது வெறும் வாய்வார்த்தை.

டோங்காட்_தம்பி

கணக்கன் அண்ணன் போட்டதில் ஒரு இடம் எனக்கு ஒப்பவில்லை. பாண்டு வருஷாவருஷம் கரையும், பிள்ளைகளுக்குத் தேவைப்படும் வருஷங்களும் குறையும். அப்படியிருக்க 14 லட்சத்தையும் குறையாத கவராக எதற்கு வாங்குவது? பாண்டு அளவுக்குக் குறைந்துகொண்டே போகும் கவர் ஒன்று, குடும்பச் செலவுக்கு வேறொன்று என்று பிரித்தால் மொத்தத் தவணை இறங்கும். மிச்சத்தைக் கொழுந்தன் சொல்லும் யூனிட் டிரஸ்டிலேயே போடலாம், அவரும் சமாதானமாவார்.

அதற்கும் முன்னால், பாண்டோடு பாங்கு ஏற்கனவே ஒரு கிரெடிட் லைஃப் (கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் இன்சூரன்ஸ்) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 9 லட்சத்துக்கு இரண்டு தரம் கட்டப்போகிறீர்கள். 2017 ஆகஸ்டில் வந்த விதிப்படி வீட்டுக்கடனுக்கு ஆயிரத்துக்கு மாதம் 2 ராண்ட்தான் உச்சம். 9 லட்சத்துக்கு அது 1,800. பாங்கு உச்சத்தையே வாங்குகிறது என்று சொல்லவில்லை, உங்கள் விகிதத்தைக் கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

மெரிபேங்க்_மருமகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பி சொன்னது சரி, பாண்டு ஸ்டேட்மென்ட்டில் இன்சூரன்ஸ் என்று மாதம் 540 போகிறது. இத்தனை நாளும் யாரும் கவனிக்கவில்லை. இதை நிறுத்திவிட்டுப் புதுசு எடுக்கலாமா? கம்பெனி கவர் அப்ரூவ்ட் வகை என்று எச்.ஆர். சொன்னார்கள். கல்யாணம் பதிவு செய்ததுதான்.

அண்டர்ரைட்டிங்_மேசை

நிறுத்தலாம், வரிசை மாறாமல் செய்யுங்கள்.

அந்த 540க்கு என்னென்ன அடங்கும் என்று பாங்கிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கட்டடத்துக்கான இன்சூரன்ஸும் அதே வரியில் கலந்திருக்கலாம், அதை நிறுத்தக் கூடாது. உயிர்க் கவர் மட்டும்தான் என்றால், அதோடு வேலை இழப்பு, ஊனம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய பாலிசியில் அவை இல்லாவிட்டால் 540க்கும் 600க்கும் நேர் ஒப்பீடு செய்ய முடியாது.

உண்மையான சுகர் விவரத்தோடு புதிய விண்ணப்பம் போடுங்கள். ஏற்புக் கடிதம் வந்து, கவர் தொடங்கும் தேதி எழுத்தில் கைக்கு வரும்வரை பழையதில் ஒரு தவணையும் தவற வேண்டாம். அவசரப்பட்டு முதலில் நிறுத்தியபின் புதியது தள்ளிப்போனால், பழையதைத் திரும்ப எடுக்கும்போதும் சுகர் குறுக்கே நிற்கும். தேசியக் கடன் சட்டத்தின் 106ஆம் பிரிவு, பாங்கு பாலிசிக்குப் பதில் சொந்த பாலிசி கொடுக்கும் உரிமையைத் தருகிறது. பாங்கு அதைத் தன் பேருக்கு 'செஷன்' செய்யச் சொல்லும், அதாவது பாலிசி உரிமையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லும். முழு பாலிசியையும் செஷன் செய்யாமல், பாண்டுக்கென்று தனி பாலிசி எடுத்து அதை மட்டும் கொடுங்கள். செஷன் இருக்கும்வரை பாங்குதான் முதலில் எடுக்கும், பயனாளிக்கு மீதி. பாண்டு முடிந்த அன்றே செஷனை நீக்கிய கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

உயிலும்_எஸ்டேட்டும்

அப்ரூவ்ட் என்றால் 10.44 லட்சத்தையும் கணக்கில் வைக்காதீர்கள். வரி போய், மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் டிரஸ்டிகள் ஒதுக்குவது போய், ஒரு வருஷம் தாமதமாக உங்கள் கைக்கு வருவது எவ்வளவோ. பிள்ளைகள் பங்கு எப்படியும் அவர்கள் செலவுக்குத்தான், அதனால் 7 லட்சம் என்று வைத்துப் போட்டால் சொந்தக் கவர் 16.7 லட்சம் வரும். சுகர் கூடுதலோடு அது கட்டுபடியாகாவிட்டால் உங்கள் சேமிப்பை இழுப்பதைவிட, 18 வருஷத்தை 15 ஆக்கித் தொகையைக் குறையுங்கள். 37C படிவத்தையும் புதுப்பித்து, யார் யார் அவரை நம்பி வாழ்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணைக்கச் சொல்லுங்கள். கட்டுப்படுத்தாவிட்டாலும் டிரஸ்டிகள் அதைப் படிப்பார்கள்.

நார்த்டேல்_கணக்கன்

பாலிசிக் காகிதம் கைக்கு வந்தபின் 31 நாள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் வேண்டாம் என்றால் கட்டியதைத் திருப்புவார்கள், அதுவரை இருந்த கவருக்கான சிறு தொகை மட்டும் கழியும். அந்த நாட்களில் விண்ணப்பத்தின் நகலை வாங்கி, உடல்நலக் கேள்விகளுக்கு எழுதிய பதில்களைக் கணவரும் நீங்களும் வரிவரியாகப் படியுங்கள். 'சுகர் இல்லை' என்று எங்காவது டிக் விழுந்திருந்தால் உடனே கம்பெனிக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டுத் திருத்துங்கள், புரோக்கர் வழியாக வேண்டாம்.

டெபிட் தேதியைச் சம்பள நாளுக்கு மறுநாள் வையுங்கள். தவணை திரும்பினால் குறைந்தது 15 நாள் சலுகை உண்டு, அதற்குமேல் பாலிசி காலாவதியாகும். மறுபடி உயிர்ப்பிக்கும்போது ரத்தப் பரிசோதனையை முதலிலிருந்து கேட்பார்கள்.